57 ஹெர்ட்ஸ் என்று படித்த இன்வெர்ட்டர்கள்: 2016 புளூ கட் தீ, ஒரு நிகழ்வு ஆய்வு

2016 ஆகஸ்ட் 16 காலை 10.36 மணிக்குத் தெற்குக் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் காட்டுத்தீ பிடித்தது. பின்னர் அதற்கு புளூ கட் தீ என்று பெயர் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் முக்கியமான வழித்தடம் அந்தக் கணவாய் வழியாகத்தான் போகிறது: மூன்று 500 கிலோவோல்ட் லைன்கள், இரண்டு 287 கிலோவோல்ட் லைன்கள். சூடான காற்றும் புகையும் சூழ்ந்துவிட்டால் கம்பிகளுக்கு இடையே இருக்கும் காற்று இன்சுலேஷனாக வேலை செய்யாது. கம்பிக்குக் கம்பி மின்பொறி தாவும். இப்படி மின்சாரம் தவறான வழியில் பாய்வதுதான் ஃபால்ட். அன்றைய பொழுது முடிவதற்குள் 500 கிலோவோல்ட் லைன்களில் 13 ஃபால்ட்டுகள், 287 கிலோவோல்ட் லைன்களில் 2 ஃபால்ட்டுகள் பதிவாயின.

லைன் ஃபால்ட் ஆவதும், ரிலே என்ற பாதுகாப்புக் கருவி அதைக் கண்டுபிடித்து, லைனைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறப்பதும் எந்தப் பெரிய கிரிட்டிலும் (மின்வலையிலும்) நடப்பதுதான். அன்று ரிலேக்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தன. சிக்கல் வந்தது 11.45 மணி ஃபால்ட்டில். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே ஏற்பட்ட அந்த ஃபால்ட் இரண்டரை சைக்கிளில், அதாவது சுமார் 42 மில்லி விநாடியில், துண்டிக்கப்பட்டது. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தமான வேலை. ஆனால் அதே சமயத்தில் 1,178 மெகாவாட் சூரிய மின்உற்பத்தி கிரிட்டிலிருந்து காணாமல் போனது.

பிரேக்கர் திறந்ததால் இணைப்பு இழந்த சூரிய மின்நிலையம் ஒன்றுகூட இல்லை. எல்லா நிலையங்களுக்கும் லைன் இருந்தது, வெயில் இருந்தது, பேனல்களில் மின்சாரம் இருந்தது. பேனல்களின் டிசி மின்சாரத்தை கிரிட்டுக்கு ஏற்ற ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர்கள் தாங்களாகவே முடிவெடுத்து நின்றன. அப்படி ஏன் முடிவெடுத்தன என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

நெர்க் எனப்படும் வட அமெரிக்க மின் நம்பகத்தன்மை அமைப்பு 2017இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை இழப்பை மூன்றாகப் பிரித்தது. சுமார் 700 மெகாவாட், அதிர்வெண் தாழ்ந்துவிட்டதாக இன்வெர்ட்டர்கள் எண்ணியதால் டிரிப் ஆனது, அதாவது தன்னைத்தானே துண்டித்துக்கொண்டது. சுமார் 450 மெகாவாட், வோல்டேஜ் குறைந்ததால் தற்காலிகமாக மின்னோட்டத்தை நிறுத்திக்கொண்டது. சுமார் 100 மெகாவாட், டிசி பக்கத்து ஓவர்கரண்ட் பாதுகாப்பால் நின்றது. இவை தோராய எண்கள், கூட்டினால் 1,178 என்று அச்சாக வராது. முதல் எண்தான் ஆச்சரியமானது, ஏனென்றால் அன்று கிரிட்டின் அதிர்வெண் தாழவே இல்லை.

கிரிட் காட்டியதும் இன்வெர்ட்டர் கண்டதும்

மேற்கு இணைப்பு எனப்படும் மேற்கு அமெரிக்க கிரிட்டின் அதிர்வெண் அந்த நிகழ்வில் தொட்ட ஆகக் குறைந்த அளவு 59.867 ஹெர்ட்ஸ். இயல்பான 60இலிருந்து 0.133 ஹெர்ட்ஸ் சரிவு. அதுவும் 1,178 மெகாவாட் போனதன் விளைவாக, சில விநாடிகள் கழித்து வந்த சரிவு. டிரிப் ஆன இன்வெர்ட்டர்களோ அதற்கு முன்பே, ஃபால்ட் நடந்துகொண்டிருந்த அந்த 42 மில்லி விநாடிக்குள், 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டது என்று கணக்கிட்டன. கணக்கிட்டு 10 மில்லி விநாடியில் கிரிட்டை விட்டு விலகின. அவற்றின் டிரிப் எல்லை அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது.

இந்த 10 மில்லி விநாடியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 60 ஹெர்ட்ஸில் ஒரு முழு சைக்கிள் 16.7 மில்லி விநாடி. அதிர்வெண் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை சைக்கிள் என்ற கணக்கு. ஒரு சைக்கிள்கூட முடியாத நேரத்தில் 'அதிர்வெண் இவ்வளவு' என்று தீர்ப்பு சொல்லி, அதை வைத்து மெகாவாட் கணக்கில் உற்பத்தியை நிறுத்தியிருக்கிறார்கள். இன்னொரு பக்கமிருந்தும் இதைச் சோதிக்கலாம். 60 ஹெர்ட்ஸிலிருந்து 57க்கு 10 மில்லி விநாடியில் இறங்க வேண்டுமானால் அதிர்வெண் விநாடிக்கு 300 ஹெர்ட்ஸ் வேகத்தில் சரிய வேண்டும். கனடா முதல் மெக்சிகோ வரை பரவிய ஒரு கிரிட்டில், ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள ரோட்டார்கள் ஒன்றாகச் சுழலும்போது, அப்படி நடக்க வழியே இல்லை. பெரிய இழப்புகளின்போதுகூடச் சரிவு விநாடிக்கு ஒரு ஹெர்ட்ஸை எட்டுவதில்லை. 'இந்த எண் இயற்பியலில் சாத்தியமா?' என்று மென்பொருளில் ஒரு வரி கேட்டிருந்தால் போதும், 700 மெகாவாட் நின்றிருக்காது.

சரி, நல்ல இன்வெர்ட்டர் இப்படி ஒரு எண்ணை எங்கிருந்து எடுக்கிறது?

கோணத்தைப் பின்தொடரும் லூப்

கிரிட்டில் இணையும் பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 'கிரிட்டைப் பின்தொடரும்' வகை. டிசி பக்கம் ஒரு கெப்பாசிட்டர், நடுவில் ஐஜிபிடி எனும் வேகமான குறைக்கடத்தி சுவிட்சுகளாலான பாலம், ஏசி பக்கம் அலையைச் சீராக்கும் எல்சிஎல் ஃபில்டர். கிரிட் வோல்டேஜ் எந்தக் கோணத்தில் சுழல்கிறதோ அந்தக் கோணத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஏற்ப மின்னோட்டத்தைச் செலுத்துவதுதான் இதன் வேலை. மூன்று ஃபேஸ் அளவுகளையும் அந்தக் கோணத்தோடு சேர்ந்து சுழலும் அச்சுக்கு மாற்றிவிட்டால், சைன் அலைகள் எல்லாம் நிலையான இரண்டு எண்களாகிவிடும். ஒன்று உண்மையில் வேலை செய்யும் ஆக்டிவ் பவரோடு தொடர்புடைய டி-அச்சு, மற்றது வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க உதவும் ரியாக்டிவ் பவரோடு தொடர்புடைய கியூ-அச்சு. நிலையான எண்ணைக் கட்டுப்படுத்த, பிழையையும் அதன் தொகையையும் பார்த்துத் திருத்தும் ஒரு சாதாரண பிஐ கண்ட்ரோலர் போதும். உள்ளே வேகமான கரண்ட் லூப், அதற்கு வெளியே மெதுவான டிசி வோல்டேஜ் லூப், ரியாக்டிவ் பவர் லூப், அதற்கும் வெளியே நிலையம் முழுவதற்குமான கண்ட்ரோலர் என அடுக்கடுக்காகப் போகும்.

இந்த அடுக்கு முழுவதும் ஒரே ஒரு கோணத்தின் மேல் நிற்கிறது. அந்தக் கோணத்தைத் தருவது பிஎல்எல், அதாவது ஃபேஸ் லாக்டு லூப். கோணம் தவறினால் கரண்ட் லூப் எவ்வளவு நன்றாக ட்யூன் செய்யப்பட்டிருந்தாலும் தவறான திசையில்தான் மின்னோட்டத்தைத் தள்ளும்.

பிஎல்எல் வேலை செய்யும் முறை எளிது. தன் கையிலிருக்கும் கோணத்தை வைத்து வோல்டேஜின் கியூ-அச்சுக் கூறைக் கணக்கிடும். கோணம் சரியாக இருந்தால் அது பூஜ்யம். பூஜ்யம் இல்லையென்றால் அந்தப் பிழையை ஒரு பிஐ கண்ட்ரோலருக்குக் கொடுக்கும். பிஐ தரும் வெளியீடுதான் 'அதிர்வெண்'. அதைத் தொகையிட்டால் அடுத்த கோணம் கிடைக்கும். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

இதில் அதிர்வெண் என்று பெயர் பெற்ற அந்த எண் அளந்து எடுத்தது அல்ல. கோணத்தைத் திருத்துவதற்காக லூப் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் கட்டளை அது. கிரிட் அமைதியாக இருக்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும், அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஃபால்ட் வரும்போதுதான் இரண்டும் பிரியும்.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த எண்கள் அன்று அங்கே இருந்த எந்தத் தயாரிப்பாளருடையதும் அல்ல, பொதுவாகப் பாடங்களில் வரும் அளவுகள். பிஎல்எல்லின் வேகத்தைக் குறிக்கும் இயல்பு அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 125.7 ரேடியன்), அலைவை அடக்கும் அளவான டாம்பிங் 0.707 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பிஐயின் விகிதப் பெருக்கம் 2 × 0.707 × 125.7, அதாவது சுமார் 178. அருகில் ஃபால்ட் வந்து வோல்டேஜின் கோணம் திடீரென்று 30 பாகை பின்னால் குதிக்கிறது. கியூ-அச்சுப் பிழை சைன் 30, அதாவது 0.5. இதை 178ஆல் பெருக்கினால் விநாடிக்கு 89 ரேடியன். ஹெர்ட்ஸில் சொன்னால் 14. ஆக, குதித்த அந்தக் கணத்திலேயே பிஎல்எல் காட்டும் அதிர்வெண் 60 கழித்தல் 14, அதாவது 46 ஹெர்ட்ஸ்!

கிரிட்டில் அதிர்வெண் துளியும் மாறவில்லை, கோணம் மட்டும் ஒரு முறை குதித்தது. 46இல் தொடங்கிய எண் லூப் தன்னைத் திருத்திக்கொள்ள மெல்ல ஏறும். 57ஐத் தாண்டி மேலே வர அதற்குச் சுமார் 11 மில்லி விநாடி ஆகும். டிரிப் நேரமோ 10 மில்லி விநாடி. வெறுமனே 57ஐத் தொடுவதற்கு 6 பாகைக் குதிப்பே போதும். கோணம் முன்னால் குதித்திருந்தால் இதே லூப் 74 ஹெர்ட்ஸ் என்று சொல்லியிருக்கும்.

இது ஒற்றைக் குதிப்புக்கான கணக்கு. ஆகஸ்ட் 16இன் ஃபால்ட் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலானது, அதாவது சமனற்றது. சமனற்ற வோல்டேஜில் எதிர்த்திசையில் சுழலும் எதிர்வரிசைக் கூறு கலந்திருக்கும். அது சுழலும் அச்சில் 120 ஹெர்ட்ஸ் அலைவாகத் தெரியும். அந்த அலைவும் பிஐ வழியாகப் போய் 'அதிர்வெண்' எண்ணோடு சேர்ந்துகொள்ளும். பிரேக்கர் திறக்கும்போது கோணம் மறுபடி ஒரு முறை குதிக்கும், அலைவடிவமும் கோணலாகும். இவ்வளவுக்கு நடுவே உடனடி அதிர்வெண்ணைப் பார்த்து டிரிப் செய்யச் சொன்னால் இன்வெர்ட்டர் வேறு என்ன செய்யும்?

எதிர்வரிசையைப் பிரித்தெடுக்கும் பிஎல்எல் வகைகள் 2016க்கு வெகு காலம் முன்பே இருந்தன. இரட்டைச் சுழல் அச்சு வகை ஒன்று, எஸ்ஓஜிஐ எனப்படும் ஃபில்டரைப் பயன்படுத்துவது மற்றொன்று. 120 ஹெர்ட்ஸ் அலைவை அவை நன்றாகவே அடக்கும். ஆனால் கோணக் குதிப்பை அவையும் அதிர்வெண்ணாகத்தான் படிக்கும், கொஞ்சம் மழுப்பலாக. நல்ல பிஎல்எல் போட்டிருந்தால் இந்த நிகழ்வே நடந்திருக்காது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. கோணத்தை வேகமாகப் பிடிக்க வேண்டியது கட்டுப்பாட்டின் தேவை. அதிர்வெண்ணை நிதானமாக உறுதி செய்ய வேண்டியது பாதுகாப்பின் தேவை. ஒரே லூப்பிலிருந்து ஒரே எண்ணை எடுத்து இரண்டுக்கும் கொடுத்ததுதான் கோளாறு.

57 எங்கிருந்து வந்தது

57 ஹெர்ட்ஸ், உடனடி டிரிப் என்ற எல்லையைத் தயாரிப்பாளர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு இரண்டு மூலங்கள். முதலாவது ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 2003இல் வெளியிட்ட 1547 தரநிலை. அது விநியோக லைன்களில் இணையும் சிறு உற்பத்தியாளர்களுக்கானது. கிரிட்டில் ஏதாவது கோளாறு என்றால் சீக்கிரம் விலகிக்கொள், நடுவே நிற்காதே என்பது அதன் மனப்பான்மை. கூரைமேல் இருக்கும் சில கிலோவாட்டுக்கு அது நியாயமான அறிவுரை. அதே மென்பொருள் நூற்றுக்கணக்கான மெகாவாட் நிலையங்களுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது நெர்க்கின் பிஆர்சி-024 தரநிலை. அதில் அதிர்வெண்ணுக்கும் நேரத்துக்கும் ஒரு வளைகோடு உண்டு. கோட்டுக்குள்ளே இருக்கும்வரை டிரிப் ஆகக்கூடாது. மேற்கு இணைப்புக்கான அட்டவணையில் 57 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குக் கீழே 'உடனடி டிரிப்' என்று இருந்தது. கோட்டுக்கு வெளியே டிரிப் ஆகலாம் என்ற அனுமதிதான் அதன் பொருள். டிரிப் ஆகியே தீர வேண்டும் என்ற கட்டளையாகப் பலர் அதைப் படித்தார்கள். உடனடி என்றால் எவ்வளவு உடனடி, அதிர்வெண்ணை எத்தனை சைக்கிளுக்கு அளப்பது என்பதும் எழுதப்படவில்லை. ரோட்டார் சுழலும் ஜெனரேட்டருக்கு அந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் அதன் ரிலேக்கள் சில சைக்கிள் பார்த்துத்தான் அதிர்வெண் சொல்லும். எதையுமே மைக்ரோவிநாடியில் கணக்கிட முடியும் என்ற காலத்துக்கு வந்த பிறகுதான் இந்த ஓட்டை தெரிந்தது.

பிறகு திருத்திய பிஆர்சி-024இன் மூன்றாம் பதிப்பு இதை வெளிப்படையாகச் சொல்கிறது: அதிர்வெண்ணை ஒரு கால அளவுக்குள் வைத்துக் கணக்கிட வேண்டும், வழக்கமான அளவு 3 முதல் 6 சைக்கிள், அதாவது 50 முதல் 100 மில்லி விநாடி. உடனடியாகக் கணக்கிட்ட அதிர்வெண்ணை வைத்து உடனடியாக டிரிப் செய்வது அனுமதிக்கப்படாது. தயாரிப்பாளர் பக்கம் செய்த திருத்தமும் இதே வகைதான். அதிர்வெண் டிரிப்புக்கு நேரத் தாமதம் சேர்த்தார்கள். 700 மெகாவாட் சிக்கலுக்கு மென்பொருளில் ஒரு அளவுருவை மாற்றியது போதுமானதாக இருந்தது.

நின்று நின்று போனவை

450 மெகாவாட் கதை வேறு. அந்த இன்வெர்ட்டர்கள் எதையும் தவறாகப் படிக்கவில்லை. வோல்டேஜ் உண்மையிலேயே 0.9 பெர்-யூனிட்டுக்கு, அதாவது இயல்பு அளவில் 90 சதவீதத்துக்கு, கீழே போனது. அவற்றின் நிரலில், வோல்டேஜ் 0.9க்கும் 1.1க்கும் வெளியே போனால் ஐஜிபிடிகளுக்கான கேட் பல்ஸ்களை நிறுத்திவிடு, வோல்டேஜ் திரும்பியதும் சிறிது காத்திருந்து மெல்ல ஏறு என்று இருந்தது. இதற்கு 'தற்காலிக நிறுத்தம்' என்று பெயர். பிரேக்கர் திறக்காது, பிஎல்எல் ஓடிக்கொண்டே இருக்கும், மின்னோட்டம் மட்டும் பூஜ்யம்.

ஃபால்ட் நேரத்தில் விலகாமல் தாங்கி நிற்க வேண்டும் என்ற விதி இருந்தது, இவை தாங்கி நின்றன என்றே தயாரிப்பாளர்கள் கருதினார்கள். டிரிப் ஆகவில்லையே! கிரிட்டை இயக்குபவருக்கோ இரண்டும் ஒன்றுதான். ஃபால்ட் நேரத்தில் மின்னோட்டம் தராத இன்வெர்ட்டர் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. இதில் தூரமும் சேர்ந்துகொள்கிறது. 500 கிலோவோல்ட் லைனில் ஒரு ஃபால்ட் வந்தால் வோல்டேஜ் 0.9க்குக் கீழே இறங்கும் வட்டாரம் மிகப் பெரியது. அந்த வட்டாரத்திலுள்ள எல்லா நிலையங்களும் ஒரே நொடியில் கைவிரிக்கும். ஃபால்ட் தீர்ந்த பிறகும் அவை ஏறிவர நேரம் எடுத்தது. அதற்குள் அதிர்வெண் சரியத் தொடங்கிவிடும்.

கட்டுப்பாட்டு முறை என்ற கோணத்தில் பார்த்தால், நிறுத்தாமல் இருப்பது அவ்வளவு கடினம் அல்ல. கரண்ட் லூப் போதுமான வேகமானது. ஐஜிபிடி தாங்கும் எல்லை இயல்பு மின்னோட்டத்தைப்போல் சுமார் 1.1 முதல் 1.2 மடங்கு என்பதால் மின்னோட்டக் கட்டளையை அங்கே வெட்ட வேண்டும். அப்புறம் ஒரு தேர்வு: அந்த எல்லைக்குள் ஆக்டிவ் மின்னோட்டத்துக்கு எவ்வளவு, ரியாக்டிவ் மின்னோட்டத்துக்கு எவ்வளவு? வோல்டேஜ் சரிந்த அளவுக்கு விகிதமாக ரியாக்டிவ் செலுத்தி, மிச்ச இடத்தில் ஆக்டிவ் செலுத்துவது பரவலான முறை. சமனற்ற ஃபால்ட்டில் எதிர்வரிசை மின்னோட்டமும் கொடுத்தால் தொலைவிலுள்ள ரிலேக்கள் ஃபால்ட்டைச் சரியாக அடையாளம் காண உதவும். இதையெல்லாம் செய்யும் திறன் அந்த இயந்திரங்கள் பலவற்றில் ஏற்கெனவே இருந்தது. யாரும் கேட்கவில்லை.

டிசி ஓவர்கரண்ட்டால் போன 100 மெகாவாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏசி பக்கம் திடீரென்று சரிந்து மீளும்போது டிசி பக்கத்தில் எழும் மின்னோட்டத் துடிப்பை பாதுகாப்பு பிடித்துக்கொண்டது.

அடுத்த வருஷம், வேறொரு எண்

2017 ஜூனில் நெர்க் தொழில்துறைக்கு எச்சரிக்கை அனுப்பியது. அதிர்வெண் டிரிப் அமைப்புகள் திருத்தப்பட்டன. 2017 அக்டோபர் 9 அன்று அதே தெற்குக் கலிபோர்னியாவில் கேன்யன் 2 என்ற தீ. ஒரு 220 கிலோவோல்ட் ஃபால்ட், இரண்டு நிமிடம் கழித்து ஒரு 500 கிலோவோல்ட் ஃபால்ட். முதலாவதில் 682 மெகாவாட், இரண்டாவதில் 937 மெகாவாட் சூரிய மின்சாரம் போனது.

தவறான அதிர்வெண்ணால் இம்முறை ஒரு மெகாவாட்கூடப் போகவில்லை. திருத்தம் வேலை செய்திருந்தது. இம்முறை முதன்மைக் காரணம் தற்காலிக நிறுத்தம், அதோடு புதிதாக வந்தது ஓவர்வோல்டேஜ் டிரிப். ஃபால்ட்டைத் துண்டிக்கும்போது வோல்டேஜில் ஒரு சைக்கிளைவிடக் குறுகிய நேரத்துக்கு ஊசி போல ஒரு எழுச்சி வரும். இன்வெர்ட்டர்கள் அந்த உடனடி உச்சத்தைப் பார்த்து டிரிப் ஆயின. விதியில் சொல்லியிருந்த வோல்டேஜ் எல்லையோ, சைக்கிள் கணக்கில் சராசரி எடுத்த ஆர்எம்எஸ் மதிப்பைக் கருதி எழுதியது. அதிர்வெண்ணில் நடந்த அதே கோளாறு வோல்டேஜில் வந்து நின்றது. சராசரி எடுத்துப் பார்க்க வேண்டிய அளவை உச்சத்தில் பிடித்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் தெரியவந்தது. சில நிலையங்களில் இன்வெர்ட்டர்கள் நிறுத்தத்திலிருந்து வேகமாக மீள நினைத்தாலும் நிலையக் கண்ட்ரோலர் தடுத்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நிமிடத்துக்கு இவ்வளவுதான் ஏற வேண்டும் என்ற வழக்கமான வேகக் கட்டுப்பாடு. மேகம் விலகி உற்பத்தி கூடுவதும் ஃபால்ட்டுக்குப் பின் மீள்வதும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். அடுக்கடுக்கான கட்டுப்பாட்டில் உள் லூப் எவ்வளவு வேகமாக இருந்தாலும், வெளி லூப்புக்கு அந்த வேகத்தின் காரணம் தெரியாவிட்டால் பயனில்லை.

2021 மே 9 அன்று டெக்சஸ் மாநிலம் ஒடெஸா அருகே ஒரு மின்நிலையத்தில் வந்த ஃபால்ட் 1,100 மெகாவாட்டுக்கு மேல் சூரிய உற்பத்தியைக் குறைத்தது. காரணங்களில் முக்கியமான ஒன்று 'பிஎல்எல் ஒத்திசைவு இழப்பு' என்ற டிரிப். கோணம் குதித்ததும், தான் பிடியை இழந்துவிட்டதாக பிஎல்எல்லே அறிவித்து இன்வெர்ட்டரை நிறுத்தியிருக்கிறது. 2022 ஜூன் 4 அன்று அதே வட்டாரத்தில் மறுபடி நடந்தது, அப்போது சூரிய மின்சாரத்தில் மட்டும் 1,711 மெகாவாட். கோணம் குதிப்பது ஃபால்ட்டின் இயல்பு. குதித்த கோணத்தை மறுபடி பிடிப்பதற்குத்தான் பிஎல்எல் இருக்கிறது. குதித்ததே குற்றம் என்று நிறுத்துவது என் கண்ணுக்கு விசித்திரமான வடிவமைப்பு.

2022இல் வந்த ஐஇஇஇ 2800 தரநிலை இதற்கு ஓர் எண்ணே கொடுத்துவிட்டது. நேர்வரிசை வோல்டேஜின் (சரியான திசையில் சுழலும் கூறின்) கோணம் ஒரு சைக்கிள் அளவுக்குள் 25 பாகை வரை மாறினாலும் நிலையம் தாங்க வேண்டும். மேலே போட்ட கணக்கில் 25 பாகையை வைத்துப் பாருங்கள்: பிஎல்எல் 48 ஹெர்ட்ஸ் என்று காட்டும், சுமார் 10 மில்லி விநாடி 57க்குக் கீழேயே இருக்கும். பழைய அமைப்போடு ஓர் இன்வெர்ட்டர் இந்தத் தேர்வில் தேறுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

வேறு முறையில் கட்டுப்படுத்தியிருந்தால்?

பிஎல்எல்லை மெதுவாக்கினால் போதுமே என்பது முதல் யோசனை. இயல்பு அதிர்வெண்ணை 20இலிருந்து 5 ஹெர்ட்ஸாக்கினால் 30 பாகைக் குதிப்பு 14க்குப் பதில் 3.5 ஹெர்ட்ஸ் சரிவாகத்தான் தெரியும். ஆனால் கோணத்தை மறுபடி பிடிக்க நான்கு மடங்கு நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் ஆக்டிவ் என்று நினைத்து ரியாக்டிவையும், ரியாக்டிவ் என்று நினைத்து ஆக்டிவையும் செலுத்திக்கொண்டிருக்கும். வேகமாக்கினாலோ பலவீனமான கிரிட்டில் வேறு வம்பு. அங்கே இன்வெர்ட்டர் செலுத்தும் மின்னோட்டமே தன் முனையின் வோல்டேஜ் கோணத்தை மாற்றும், அந்தக் கோணத்தை பிஎல்எல் படிக்கும், அதன்படி மின்னோட்டம் மறுபடி மாறும். தன் நிழலைத் தானே துரத்துவது போல அலைவு தொடங்கிவிடும்.

ஆஸ்திரேலியாவின் மேற்கு மரே வட்டாரம் பலவீனமான கிரிட் என்ன செய்யும் என்பதற்கு உதாரணம். நீண்ட லைன்களின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஐந்து சூரிய மின்நிலையங்கள், ஒரு லைன் துண்டானால் வோல்டேஜ் அலைவு அடங்காமல் போகலாம் என்ற ஆய்வு முடிவால், 2019 செப்டம்பர் முதல் 2020 ஏப்ரல் வரை பாதி உற்பத்தியோடு ஓட வேண்டியிருந்தது. அங்கேயும் புதிய சாதனம் எதுவும் வாங்கவில்லை. இன்வெர்ட்டர் அமைப்புகளைத் திருத்தி, சோதித்த பிறகு கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பாதி உற்பத்தி ஏழு மாதம் போனது ட்யூனிங்குக்காக.

'கிரிட்டை உருவாக்கும்' இன்வெர்ட்டர்கள் இன்று பேச்சில் அதிகம் அடிபடுகின்றன. இவை கோணத்தைப் பின்தொடர்வதில்லை. தங்களுக்கென ஒரு கோணத்தை வைத்துக்கொண்டு, வெளியேறும் பவர் கூடினால் கோணத்தின் வேகத்தைச் சற்றுக் குறைத்து, குறைந்தால் கூட்டி ஒத்திசைகின்றன. பவருக்கு விகிதமாக வேகத்தை மாற்றும் ட்ரூப் முறை, ரோட்டாரின் சமன்பாட்டையே மென்பொருளில் எழுதும் மெய்நிகர் சிங்க்ரனஸ் மெஷின் முறை என வகைகள் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் 150 மெகாவாட் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி 2022 ஜூலையில் இம்முறையில் ஓட அனுமதி பெற்றது. சுமார் 2,000 மெகாவாட்-விநாடி அளவு சுழல் ஆற்றலுக்கு ஈடாக அது நடந்துகொள்ளும் என்று சொல்லப்பட்டது. கோணக் குதிப்புக்கு இந்த வகை எண்ணைப் படித்துப் பதில் தேடாது, குதித்த கணமே கூடுதல் மின்னோட்டம் தானாகப் பாயும். புளூ கட் வகை ஏமாற்றம் இதில் அடிப்படையிலேயே குறைவு.

ஆனால் இதை மந்திரக்கோலாக நினைக்க வேண்டாம். சிங்க்ரனஸ் ஜெனரேட்டர் ஃபால்ட்டில் தன் இயல்பு மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு தரும். இன்வெர்ட்டரின் குறைக்கடத்தி 1.2 மடங்கில் கையெடுத்துக் கும்பிடும். எல்லையைத் தொட்டதும் கட்டுப்பாடு வோல்டேஜ் மூலமாக இருப்பதை விட்டுவிட்டு மின்னோட்ட மூலமாக மாற வேண்டியிருக்கும். அப்போது பவருக்கும் கோணத்துக்கும் இருந்த உறவு மாறிவிடும், ஒத்திசைவு கெடலாம். எல்லையில் எப்படி நடந்துகொள்வது என்பதில்தான் இன்றைய ஆராய்ச்சியின் பெரும்பகுதி இருக்கிறது. அதோடு, பாதுகாப்பு லாஜிக் கட்டுப்பாட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஓடுகிறது. கிரிட்டை உருவாக்கும் இன்வெர்ட்டரிலும் யாராவது 57 ஹெர்ட்ஸ், 10 மில்லி விநாடி என்று எழுதி வைத்தால் அதுவும் நிற்கும். சூரிய மின்நிலையத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு: வெயில் தரும் அதிகபட்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பேனல்களிடம், அவசரத்துக்குக் கொடுக்கக் கூடுதல் ஆற்றல் கிடையாது. பேட்டரி சேர வேண்டும், அல்லது எப்போதும் கொஞ்சம் குறைத்து ஓட்ட வேண்டும்.

மாதிரியில் ஏன் தெரியவில்லை

கிரிட்டில் ஒரு நிலையத்தை இணைப்பதற்கு முன் கணினி மாதிரியில் ஃபால்ட் வைத்துப் பார்க்காமல் யாரும் அனுமதி தருவதில்லை. அப்படியிருந்தும் புளூ கட் எப்படித் தப்பியது? திட்டமிடலில் வழக்கமாக ஓடும் மாதிரிகள் நேர்வரிசை ஃபேசர் மாதிரிகள். அவற்றில் அலைவடிவமே கிடையாது, ஒவ்வொரு கணத்துக்கும் ஓர் அளவு, ஒரு கோணம், அவ்வளவுதான். சமனற்ற ஃபால்ட்டின் 120 ஹெர்ட்ஸ் அலைவு, துண்டிப்பின்போது வரும் ஊசி வோல்டேஜ், பிஎல்எல் 46 ஹெர்ட்ஸ் என்று படிக்கும் அந்தச் சில மில்லி விநாடி எதுவும் அந்த மாதிரிக்குள் இல்லை. தற்காலிக நிறுத்தம்கூடப் பல மாதிரிகளில் எழுதப்படவில்லை. அதனால் காகிதத்தில் அந்த நிலையங்கள் ஃபால்ட்டை அழகாகத் தாங்கின.

அலைவடிவத்தை மைக்ரோவிநாடிப் படிகளில் கணக்கிடும் இஎம்டி மாதிரிகள் இதையெல்லாம் காட்டும். ஒரு நிபந்தனை உண்டு. தயாரிப்பாளரின் உண்மையான கண்ட்ரோல் நிரலும் பாதுகாப்பு அமைப்புகளும் அதற்குள் இருக்க வேண்டும். பிஎல்எல் பொதுவானது, டிரிப் லாஜிக் விடுபட்டது என்றால் இஎம்டி மாதிரியும் அதே பொய்யைத்தான் இன்னும் நுணுக்கமாகச் சொல்லும்.

2023 அக்டோபரில் அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், இன்வெர்ட்டர் வழி உற்பத்திக்கென்றே தனித் தரநிலைகளை எழுதும்படி ஆணை எண் 901 மூலம் நெர்க்குக்கு உத்தரவிட்டது. தரவுப் பகிர்வு, மாதிரிகளைச் சரிபார்த்தல், திட்டமிடல், தாங்கும் திறன் என எல்லாவற்றையும் அது தொட்டது. நடைமுறையில் ஒரு நிலையத்தை ஏற்றுக்கொள்ளும் பொறியாளர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது மூன்று: இன்வெர்ட்டரில் இப்போது உண்மையில் ஏற்றப்பட்டிருக்கும் டிரிப் அமைப்புகளின் பட்டியல், ஒவ்வோர் அளவும் எத்தனை சைக்கிளுக்குச் சராசரி எடுக்கப்படுகிறது என்ற விவரம், மாதிரியில் இருக்கும் அமைப்புகள் இவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்ற ஒப்பீடு. மூன்றாவது பலருக்குச் சலிப்பான வேலை. ஆனால் இன்வெர்ட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் ஒவ்வொரு முறை மாறும்போதும் அதைத் திரும்பச் செய்தாக வேண்டும், ஏனென்றால் திருத்திய அமைப்புகள் சத்தமில்லாமல் பழைய இயல்பு நிலைக்குத் திரும்புவது அந்தச் சமயத்தில்தான்.